பின்மண்டையில் கடுகளவு இடம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கேன்னு எழுதினா நீ நம்ப மாட்டே, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டாலே எனக்கு பிரஷர் ரெண்டு பாயின்ட் ஏறுது.

புது பிரஷர் மருந்தைச் சோதிக்கிற குழுவுல சேர்ந்து அஞ்சு வாரம் ஆச்சு. கூடச் சேர்ந்த எல்லாருக்கும் இறங்கிடுச்சு. எனக்கு மட்டும் நூத்தி எழுபத்தெட்டுலயே நிக்குது. அடுத்த மாசம் பத்தாம் தேதி கம்பெனி டாக்டர் பார்ப்பார். நூத்தி நாப்பதுக்கு மேல இருந்தா கிரேன்ல ஏற விட மாட்டாங்க. பதினாறு வருஷமா அந்த கேபின்ல உக்காந்தவன் கீழே என்ன செய்வேன்? வீட்டுலயும் இருக்க முடியலை. வீட்டுக்காரி பெட்டியைத் தூக்கிட்டுப் போனப்புறம் அது வீடு மாதிரியே இல்லை.

உங்க ஆய்வகத்துல எலிகளுக்கு இதே ஜாதி மருந்தைத்தானே குத்திப் பாக்கிறீங்க? எலிக்கு இறங்கினது எனக்கு ஏன் இறங்கலை? எலியை விடவா நான் மட்டம்?

உன் தம்பி
கொசு

மார்ச் 9

என் கொசுவுக்கு,

எலிகள் உன்னை விட ஒழுங்கு, சொன்ன நேரத்துக்குத் தூங்கும்.

மூளை கழுத்துக்குள்ள இறங்குற இடத்துல, பின்மண்டைக்கு அடியில, கடுகளவு இடத்துல கொஞ்சம் நரம்பு செல்கள் இருக்கு. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடின்னு ஓயாம உத்தரவு போடுறது அதுங்கதான். செரட்டோனின்னு ஒரு பொருள் வந்து உக்கார அதுங்க மேல இருக்கைகள் உண்டு. ஏற்பின்னு சொல்லுவோம். மருந்து அங்க போய் உக்காந்து, போதும், சும்மா இருங்குது. உத்தரவு குறையுது, குழாய் தளருது, பிரஷர் இறங்குது. திரையில அந்தக் கோடு சரியறதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

சரியாத எலிகளும் இருந்துச்சு. மூணு வாரம் மனச்சோர்வு மாத்திரை கொடுத்து வெச்ச எலிகள். செரட்டோனின் கூடிக் கூடி அதுங்க ஏற்பிகள் மரத்துப் போச்சுன்னு நினைக்கிறோம். மருந்து கதவைத் தட்டினாலும் கேக்கலை. அதனால கேக்கறேன், கோவிச்சுக்காதே. அவ போனப்புறம் ஏதாவது மாத்திரை சாப்பிடறியா? என்கிட்ட மறைக்க என்னடா இருக்கு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

எலியை அறுத்து, தம்பி வயித்துல இருக்கிறதைக் கண்டுபிடிச்சுட்டே. ஆமா, எட்டு மாசமா சாப்பிட்டேன். வேற மருந்து எடுக்கலைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் குழுவுல சேர்ந்தேன். சொன்னா சேக்க மாட்டாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா கிரேனும் போயிடும். உனக்கு ஏன் சொல்லலைன்னா, நீ அழுவே, எனக்குத் தாங்காது.

யார்கிட்டயும் மூச்சு விடாதே. என் மேல சத்தியம்.

உன் லெட்டர் வந்த அன்னிக்கே அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன். இனி ஏற்பி விழிச்சுக்கும், மருந்து வேலை செய்யும். நீ வாத்தியாராப் போயிருக்கணும்.

கொசு

மார்ச் 18

கொசு,

பதினோரு தடவை போன் பண்ணிட்டேன், நீ எடுக்கலை.

நிறுத்துன்னு நான் எங்கடா எழுதினேன்? அதை டாக்டரைக் கேட்டு, வாரக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். சட்டுன்னு விட்டா தலை சுத்தும், தூக்கம் போயிடும், மனசு அதல பாதாளத்துக்குப் போயிடும். நீ உக்கார்றது அறுபது மீட்டர் உயரத்துல. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட இன்னிக்கே போ. உன் கால்ல விழறேன்.

தப்பு என் மேலதான். எலியைப் பத்தி எழுதும்போது எலியைத்தான் நினைச்சேன், உன்னை நினைக்கலை.

அக்கா

மார்ச் 29

அக்கா,

நூத்தி முப்பத்தி நாலு. நர்ஸ் நம்பாம ரெண்டாவது தடவையும் பட்டையைச் சுத்திப் பாத்தாங்க. உன் எலிகள் பொய் சொல்லலை.

மண்டைக்குள்ள அப்பப்போ சுரீர்னு ஷாக் அடிக்குது. தூக்கம் இல்லை, பரவாயில்லை. நேத்து வேலை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறமும் கேபின்லயே உக்காந்திருந்தேன். கீழே எல்லாம் சின்னதா, சத்தமே இல்லாம இருந்துச்சு. ஏணியில இறங்கத் தோணலை. இறங்கி யாரைப் பாக்கப் போறேன்? மேஸ்திரி வாக்கி டாக்கியில கத்தினப்புறம்தான் காலை வெச்சேன்.

இந்தக் கவர்ல வீட்டுச் சாவி வெச்சிருக்கேன். சும்மாதான், உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்.

உன் தம்பி

ஏப்ரல் 1

கொசு,

சத்தியத்தை மீறிட்டேன். உன் லெட்டரைப் படிச்ச பத்தாவது நிமிஷம் மருந்துச் சோதனை நடக்கிற ஆஸ்பத்திரிக்கும் உன் கம்பெனி டாக்டருக்கும் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன்னை மேலே ஏத்தாதீங்க, தனியா விடாதீங்கன்னு கெஞ்சினேன். மேஸ்திரி மேல சந்தேகப்படாதே, நான்தான் சொன்னேன்.

இது உன் கைக்கு வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன். நீ திறக்கலைன்னா நானே திறந்து உள்ளே வருவேன். திட்டு, அடி, உக்காந்து வாங்கிக்கறேன். திட்டறதுக்கு நீ இருக்கணும்டா, எனக்கு அது போதும்.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

நீ இங்க இருந்த பன்னெண்டு நாளும் நான் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நீயும் பேசச் சொல்லலை. அதுக்கு நன்றி.

குழுவுல என் பேரை அடிச்சுட்டாங்க. கிரேன்ல புதுசா ஒருத்தன். சுமையை ஆட்டி ஆட்டி இறக்கறான், பாத்தா பத்திக்கிட்டு வருது. நான் கேட்ல நின்னு வர்ற லாரிக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கி விடறேன். மனசு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சு மூணு வாரம். தூக்கம் வருது. பிரஷர் நூத்தி எழுபது. ஒண்ணா இருந்த பழைய பிரஷர் மாத்திரையை ரெண்டாக்கிக் கொடுத்திருக்காங்க.

உன்னை மன்னிக்கலை. என் பதினாறு வருஷத்தை ஒரே போன்ல முடிச்சுட்டே. சில நாள் நீ செஞ்சது சரின்னு தோணும். அன்னிக்குத்தான் உன் மேல இன்னும் கோபமா வருது.

எனக்கு இனிமே எழுதாதே. வாராவாரம் நான் ஒரு கார்டு போடுவேன். உன் விலாசம் மட்டும்தான் இருக்கும், வேற ஒண்ணும் எழுத மாட்டேன். வந்தா நான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ.

தம்பி