என் முந்நூறு சொல்லும் அவள் மௌனமும்

மார்ச் 3, திங்கள்

இந்த ஊர் மொழியில் முந்நூறு சொல் கற்றாகிவிட்டது. இங்கே வந்து மூன்றே மாதம். இன்று நான் வேலை பார்க்கும் ட்ரை கிளீனிங் கடையில், "உங்கள் கோட்டு நாளை மாலை தயாராகிவிடும், ஒரு பித்தான் மட்டும் உடைந்திருக்கிறது" என்று அவர்கள் மொழியில் மூச்சுவிடாமல் சொன்னேன். வாடிக்கையாளர் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. முப்பத்தெட்டு வயதில் புது மொழி ஏறாது என்றவர்கள் வந்து பார்க்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

என் மகள் பொடிசின் பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். ஐந்து வயது, வீட்டில் வாய் ஓயாது. அங்கே மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். இந்த மாதத்துக்குள் பேசாவிட்டால் மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைப்பார்களாம். குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடும் என்றார்களே எல்லோரும்? நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், இவள் நின்ற இடத்திலேயே —

மார்ச் 7

தலை பின்னும்போது பாடம். "என் பெயர் இது, எனக்கு ஐந்து வயது." சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் இல்லை. கத்திவிட்டேன். "ஒரு வார்த்தை சொன்னா என்னடி குறைஞ்சுபோயிடும்?" பாதிப் பின்னலோடு அப்பாவிடம் ஓடிவிட்டாள். "விடேன், அவளா பேசுவா," என்கிறார் அவர். எப்ப? வகுப்பு மாத்தின பிறகா?

மார்ச் 20, வியாழன்

பள்ளி விட்ட நேரம். ஊஞ்சல் வரிசையில் ஒரு நெட்டைப் பெண் நடுவில் புகுந்தாள். பொடிசு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினாள். அவர்கள் மொழியில்! இந்த ஊர்ப் பிள்ளைகளின் அதே ராகத்தில்! எனக்குப் பாதிதான் புரிந்தது. டீச்சர்தான் சிரித்துக்கொண்டே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: "இப்ப என் முறை. நேத்தும் நீ இப்படித்தான் செஞ்ச. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

மூன்று வாக்கியம். என் கோட்டும் பித்தானும் போன இடம் தெரியவில்லை. வகுப்பு மாற்ற வேண்டியதில்லை என்றார் டீச்சர். வழியெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலிருந்து பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள், எல்லாம் அவர்கள் மொழியில்தான். நானும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கரடிக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள்.

"உக்காரும்மா. பேச வரலைன்னா பேச வேணாம். சும்மா கேட்டுட்டே இரு. நானும் அப்படித்தான் இருந்தேன்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.