கோடைக்கு ஓர் அறை போதும்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பா, அண்ணன், நான் மூவரும் நன்றாக இருக்கிறோம், வெயில் எங்களைவிட நன்றாக இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், இது ஸ்பீக்கரில் போடும் சங்கதி இல்லை.

அண்ணன் அப்பாவின் கடையை விட்டு அந்தப் பெரிய கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை என்று உனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் ரிப்பேர் செய்கிற இரண்டு பேர் ஒரே வீட்டில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்களை ரிப்பேர் செய்யத்தான் ஆளில்லை. சாப்பிட உட்கார்ந்தால் உன் பிள்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேளு என்கிறார் இவர், எனக்கு வேணாம்னு அப்பாகிட்ட சொல்லும்மா என்கிறான் அவன், நடுவில் நான் தபால்காரி. கம்பெனியில் கொடுத்த மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை அவன் மேஜைமேல் வைத்தால்கூட, கறுப்பு டேப்பைத் தவிர வேறெதையும் கையால் தொடாத உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதுகூடப் பரவாயில்லை, மழை தொடங்கியதும் தனியாக வீடு பார்த்துப் போய்விடுகிறேன் என்று அவன் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேசாமலே வாசலைத் தாண்டினால் அப்புறம் யார் முதலில் பேசுவது, இரண்டும் ஒரே பிடிவாதம்.

இதற்கிடையே இந்த வெயில். தெரு முழுக்க ஏ.சி. ஓடி டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கடி படுத்துவிடுகிறது, மாடியில் தையல் கடை வைத்திருப்பவள் மெஷின் ஓடவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கரண்டை மிச்சம் பிடிப்பதை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று மேற்கு ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டினேன், ஃப்ரிட்ஜைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தேன், இஸ்திரியை வாரத்துக்கு ஒரு நாளாக்கினேன். மூன்று பேருக்கு இரண்டு அறையில் இரண்டு ஏ.சி. எதற்கு, எங்கள் அறையிலேயே எல்லோரும் படுக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். இருவரும் காதில் வாங்கவில்லை. அதனால் ஒரு மத்தியானம் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, அண்ணன் அறை ஏ.சி.க்குரிய ட்ரிப் ஸ்விட்சை மட்டும் கீழே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காய் நறுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் அண்ணன் வந்து மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, கேஸ் போயிடுச்சும்மா என்றான். அவன் குளிக்கப் போனதும் உன் அப்பா தானாகவே போய்ப் பார்த்து, போர்டு போயிடுச்சு, பார்ட்ஸ் வர மழைக்காலம் ஆயிடும் என்று சுவரிடம் சொன்னார். கேஸ் தீர்ந்தால் குளிர்ச்சிதான் வராது, மெஷினில் விளக்கே எரியாமல் போகாது, ஒரு மெக்கானிக்கோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிற எனக்கே அது தெரியும். ஆனால் ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அதை யோசிக்கத் தோன்றவில்லை.

அண்ணன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தான். முதலில் சண்டை என் வழியாகத்தான் நடந்தது. ஏ.சி.யை இருபத்திரண்டில வைக்கச் சொல்லு என்று இவர், இருபத்தாறில வெச்சு ஃபேனைப் போட்டா போதும், கஸ்டமருக்கெல்லாம் அதைத்தானே சொல்றாருன்னு கேளும்மா என்று அவன். உன் அப்பா தானே எழுந்து இருபத்தாறில் வைத்தார். பிறகு ஒரு நாள் ஃபேன் கரகரவென்றதும், பேரிங் போகுதுடா என்றார், ஆமாப்பா, ஞாயித்துக்கிழமை கழட்டிடலாம் என்றான். அவ்வளவுதான் பேச்சு. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஃபேனைத் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டு பொழுது முழுக்கச் சண்டை போட்டார்கள், என்னைக் கூப்பிடாமல், நேருக்கு நேராக. வீட்டுத் தரகர் வந்தபோது இப்ப ஒண்ணும் அவசரமில்லை என்று அண்ணன் வாசலோடு அனுப்பிவிட்டான். நீயும் அங்கே சார்ஜரைச் சும்மா மாட்டி வைக்காதே, ஆளில்லாத அறையில் விளக்கு எரியவிடாதே, தண்ணீரை மறக்காதே.

நேற்று நாலு தூறல் விழுந்தது. எவ்வளவு நாள்தான் இவர்களை ஏமாற்றுவது என்று மனசு குறுகுறுக்க, ஸ்விட்சை மேலே தள்ளிவிடப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நான் தள்ளிய இடத்திலேயே அது கிடந்தது. தவறிப்போய்க்கூட யாரும் போட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு டேப் இழுத்து ஒட்டியிருந்தது. அதற்கும் மேலே, குறுக்காக, மஞ்சள் டேப். பெட்டியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து மூன்று தட்டுகளை எடுத்து வைத்தேன்.

நீ லீவில் வரும்போது உனக்கும் எங்கள் அறையில்தான் இடம், தலையணை வாங்கி வைத்துவிட்டேன். எங்கே இருந்தாலும் உன் மனசு குளிர்ந்திருக்கட்டும் மகளே. போனில் பேசும்போது அந்த ரூம் ஏ.சி. சரியாயிடுச்சா என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா