தவறிட்டாங்க

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ இல்லையோ. மனைவியை அடக்கம் செய்த மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அதில் எனக்கு வருத்தம்தான்.

பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது. நீ சொன்னபடி, "அம்மா தவறிட்டாங்கடா" என்று மெதுவாகச் சொன்னேன். அழவே இல்லை. "சரி அத்தை" என்றாள், அவ்வளவுதான். தையல் மெஷினில் உட்கார்ந்தபடி கவனிக்கிறேன். தெருவில் போகிற பெண்களின் முகங்களை ஒன்றுவிடாமல் உற்றுப் பார்க்கிறாள். உடைத்துச் சொல்லிவிடட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஜூலை 2

அக்கா,

வேண்டாம். ஆறு வயசுக் குழந்தையிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வாய்? எனக்கே வாயில் வரமாட்டேன் என்கிறது. இன்ஜின் அறையில் கூட வேலை செய்கிறவர், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நான் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இப்படியே இருக்கட்டும்.

தம்பி


ஜூலை 28

தம்பி,

நேற்று ரயில் நிலையத்தில் நான் டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் பாப்பாவைக் காணோம். உயிரே போய்விட்டது. அப்போது ஒலிபெருக்கியில் கேட்டது: "பச்சைச் சேலை உடுத்திய, கன்னத்தில் மச்சமுள்ள அம்மா எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரவும். உங்கள் மகள் காத்திருக்கிறாள்."

அது உன் மனைவியின் அடையாளம். ஓடினேன். அறிவிப்பாளரின் மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா தவறிட்டாங்க, மைக்ல கூப்பிடுங்கன்னு சொன்னா. கூட்டத்துல தொலைஞ்சுட்டீங்கன்னு நினைச்சேன். நீங்கதானா அம்மா?" என்றார் அந்தப் பெண்.

பாப்பா என்னைப் பார்த்ததும், "அப்பா கப்பல்ல போய்த் தேடறார் இல்ல அத்தை? நான் இங்க தேடறேன்" என்றாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா தொலைஞ்சு போகலடா. செத்துட்டாங்க. இனிமே எங்க கூப்பிட்டாலும் வரமுடியாது" என்றேன்.

"வழி தெரியாமயா?"

"இல்லடா. செத்துட்டாங்க."

அப்போதுதான் அழுதாள். அவள் அம்மா போனதிலிருந்து அதுதான் முதல் அழுகை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ அப்பா எதுக்குப் போனார்?" அதற்கு நீதான் அவளுக்கு எழுத வேண்டும்.

உன் பேச்சை மீறியதற்குக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். 'அம்மா' என்று எழுதியதற்கு மேல் பேனா நகரவில்லை. சொன்னது நீ, நீயே பார்த்துக்கொள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டேன். அந்த வீட்டுக்குள் என்னால் காலெடுத்து வைக்க முடியாது.

தம்பி


நவம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பள்ளியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருமே இல்லைன்னு இப்பதான் தெரிஞ்சுது" என்று கண் கலங்கினார். வகுப்பில் வீட்டைப் பற்றிக் கேட்டபோது பாப்பா இப்படிச் சொல்லியிருக்கிறாள்: "அம்மா செத்துட்டாங்க. அப்பா தவறிட்டார்."

"ஐயோ, என் தம்பி உயிரோடதான் இருக்கான்" என்றேன். பக்கத்தில் நின்ற பாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் செத்துட்டார்னு சொல்லலையே அத்தை" என்றாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்தச் சொல்லை நீ எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நான் சொல்லியாயிற்று, அவளும் தாங்கிக்கொண்டாள். நீ வந்து அவள் எதிரில் நின்றால் போதும். உன் முகம் எப்படி இருக்கும் என்று நேற்று என்னிடம் கேட்டாள். நான் சொல்லிக்காட்டினேன். அடுத்த முறை கேட்பாளா என்று தெரியவில்லை.

கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
உன் அக்கா