சித்தி கொண்டுவந்த ஆல்பம்

எங்கள் வீட்டு வாலுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, மாடிப்படியில் குடியிருக்கும் பூனை உட்பட எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? நீ நலமாகவும் இருமல் நலமில்லாமலும் இருந்தால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். எனக்கு வேலையில் ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில் நான் கை வைக்காத லிப்டே கிடையாது. போன வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று மேலே உட்கார்ந்து பாடிக்கொண்டே பழுது பார்த்தேன். கதவு திறந்ததும் நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடிவிட்டார்கள், பாவம், என்ன அவசரமோ.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சங்கதியைக் கேட்டிருந்தாய். இப்போது அது பெரிய சங்கமாகவே ஆகிவிட்டது. நாலு மணிக்கு முன்னறையில் கூடுவோம். அவரவர் வீட்டில் அந்த வாரம் எந்த ஆல்பம் ஓடுகிறதோ அதைக் கொண்டுவந்து போட வேண்டும், ஒரு பக்கம் முழுக்க முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இசைத்தட்டைத் திருப்பும்போதுதான் டீயும் பேச்சும். சட்டம் போட்டது நான்தான். அதிகம் கஷ்டப்படுவதும் நான்தான். போன மாதம் ஒரு நாள் நாற்பது பேர். நாற்காலி நாலுதான் என்பதால் நாலு பேர் உட்கார்ந்து கேட்டோம், மற்றவர்கள் வராமலேயே அனுசரித்துக்கொண்டார்கள். மேல்மாடிக் கணக்கு டீச்சர் ஐந்து வாரமாக ஒரே பியானோ ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார், கண்ணை மூடி விரல் விட்டு எண்ணிக்கொண்டே ரசிக்கிறார். சலூன்காரருக்கு இந்த மாதம் டிரம்பெட் பைத்தியம். கடையிலும் அதுதான் ஓடுகிறதாம், குரல் கொடுத்தால் அவருக்குக் கேட்பதில்லை, கேட்ட முடியை விட்டுக் கேட்காத முடியை வெட்டுகிறார். பஸ் டிரைவர் நாள் முழுக்க ஹாரன் கேட்கிற மனிதர், அதனால் வீட்டில் ஒரு கிழவர் தனியாகக் கிட்டார் வாசிக்கும் ஆல்பம் மட்டும்தான் போடுவார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் இசை விஷயத்தில் இவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

இனி நீ கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். சித்திக்கு என் மேல் என்ன கோபம், ஒரு வருடமாக ஹலோ என்பதோடு போனை உங்களிடம் தள்ளிவிடுகிறாளே என்று எழுதியிருந்தாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை. ஆறு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது, கடைசி ஒரு வருடம் போனில் யார் பேசினாலும் கொசுக் கூட்டம் போல இருக்கிறது என்றாள். உனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று என் வாயைக் கட்டிவிட்டாள். என் வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கே தெரியும், அதையே செய்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள். இப்போது எழுதலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது.

காது டாக்டரம்மா நல்ல மெஷின் ஒன்று பொருத்தினார். என்னைப் போல விவரமான கணவர் ஆயிரத்தில் ஒருவர் என்று அவர் சொல்லவில்லை, பார்வையிலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்த மறுநாளே சித்தி அதைக் கழற்றித் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு போட்டுவிட்டாள். எல்லாம் தகரச் சத்தமாக இருக்கிறதாம். நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மூளைக்குச் சத்தங்கள் மறந்துபோயிருக்கின்றன, தினமும் மாட்டிப் பழகினால் திரும்ப வரும், டிராயரிலேயே கிடந்தால் போகப் போக பேச்சுப் பிடிபடுவதே கஷ்டமாகிவிடும், வீட்டில் ஏதாவது இதமாகக் கேட்கச் சொல்லுங்கள் என்றார். இதமாகக் கேட்பதற்கு நம் சங்கத்தை விட்டால் உலகத்தில் வேறு இடம் ஏது? அழைத்து உட்காரவைத்தேன்.

முதல் வாரம் சலூன்காரர் முறை. டிரம்பெட் இரண்டு முறை ஊதியதும் சித்தி மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி இருக்கிறது என்று சட்டத்தை மீறிப் பேசிவிட்டாள். சலூன்காரர் முகம் தொங்கிப்போனது. இரண்டாவது வாரம் டீச்சரின் பியானோவில் பாதிப் பக்கம் தாங்கினாள். மூன்றாவது வாரம் டிரைவரின் கிட்டார் கிழவர். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள், நான் மூச்சுக்கூட விடவில்லை. தட்டைத் திருப்பப் போகும்போது மெதுவாகக் கேட்டாள், "இவரு கம்பியில விரல நகத்துறப்ப கீச்சுனு ஒண்ணு வருதே, அதுவும் பாட்டுல சேர்த்தியா?" ஏழு வருடமாக அந்த ஆல்பத்தோடு குடும்பம் நடத்துகிற டிரைவர், அப்படி ஒன்றும் வராதே அண்ணி என்றார். மறுபடி போட்டுக் கேட்டோம். வருகிறது, விரல் நகரும்போதெல்லாம் கீச் கீச் என்று வருகிறது. அன்றிலிருந்து டிரைவருக்கு அந்தக் கீச் மட்டும்தான் கேட்கிறதாம், பாட்டுக் கேட்பதில்லையாம், யாரிடம் புகார் கொடுப்பது என்று சுற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது முன்பே தெரியும், பேசக் கூடாது என்ற சட்டத்துக்காகச் சும்மா இருந்தேன்.

சித்தி ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்ட மகிழ்ச்சியில், அடுத்த வாரம் அண்ணி முறை என்று டிரைவர் சொல்லிவைத்தார். சித்தி யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது இவர்தானே, இவரையே வைக்கிறேன் என்று என்னைக் கைகாட்டினாள்.

எனக்குப் பயமா? கிடையாது. தொண்டை கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் என்ன மறைப்பு, பயம்தான். குளிக்கும்போதும் ஷேவ் செய்யும்போதும் நான் பாடுவதை உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டுகிற ஒரே ஆள் அவள். அவள் தலையாட்டியதே கேட்காததால்தானோ என்று அந்த வாரம்தான் முதன்முறையாக ஒரு எண்ணம் புகுந்தது. அது போனால் போகட்டும், என் குரல் அந்த மெஷினுக்குள் போய் டிரம்பெட்டை விடப் பெரிய தகரமாக விழுந்து, அவள் திரும்பவும் அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டால்? அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. சனிக்கிழமை அவளிடம் தனியாக, நாளைக்கு அந்த அரைமணி நேரம் மட்டும் மெஷின் இல்லாமல் உட்காரேன், காதுக்கும் ஓய்வு வேண்டாமா என்றேன். அவள் அதற்குப் புது பேட்டரி போட்டாள்.

ஞாயிறு நாலு மணி. ஸ்பீக்கர் இருக்கும் மூலையில் என்னை நிற்கவைத்தார்கள். ஐந்து பாட்டு, ஒரு பக்கக் கணக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடினேன். டீச்சர் எண்ணுவதை இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டார் என்று பிறகு சொன்னார்கள், மெய்மறந்திருப்பார். முடிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மெஷின் காதிலேயே இருந்தது. முதலில் சித்திதான் பேசினாள்.

"சுருதி அப்பவும் சேரல, இப்பவும் சேரல. எனக்குக் காது மங்கி ஆறு வருஷம்தாங்க ஆச்சு, கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷமாச்சு."

டிரைவர் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. இருபத்திரண்டு வருடம் நல்ல காதோடு கேட்டிருக்கிறாள், அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை பார். அப்படியானால் எதற்குத்தான் தினமும் பாடுங்க பாடுங்க என்றாய் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

"பாடுற நேரத்துலதான் நீங்க கதை அளக்காம இருப்பீங்க. அப்ப மட்டும் அசலா நீங்க."

நான் திரும்பி ஸ்பீக்கர் ஒயரைச் சரிபார்த்தேன். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை, சும்மாதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மெஷின் டிராயருக்குப் போகவில்லை. காலையில் மாட்டினால் படுக்கப்போகும்போதுதான் கழற்றுகிறாள். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டே, எல்லோருடைய குரலும் புதுசாகத்தான் கேட்கிறது, நம் பெண்ணின் குரல் (உன்னைத்தான் சொல்கிறாள்) எப்படி இருக்குமோ, அடையாளம் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். அதனால் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ போன் செய். உன் வீட்டில் ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டுப் பேசு, இரண்டு சத்தம் கலந்தால் அவளுக்குப் பிரியாது. கத்தாதே, நிதானமாகப் பேசு. அவள் என்ன என்று கேட்டால் இன்னொரு முறை சொல், பத்து முறை கேட்டாலும் பத்து முறை சொல். ஒன்றுமில்லை விடுங்க சித்தி என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ தெரியாமல்தான் சொன்னாய், ஆனாலும் போன வருடம் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அவள் போனை என்னிடம் தள்ள ஆரம்பித்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, வேலையில் உயர்ந்து, உடம்பு தேறி, மனசு நிறைந்து நீண்ட நாள் நன்றாக இரு. இப்போது உன் வீட்டில் எந்த ஆல்பம் ஓடுகிறது என்று மறக்காமல் எழுது, அடுத்த முறை சங்கத்தில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் தையலை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வர நேரமாகும். எத்தனை முறை மணி அடித்தாலும் வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாக,
சித்தப்பா