பூஜ்யத்தில் விழும் கோடு

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரமாகியும் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கதவோடு தினம் சண்டை போடுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். நான் ஆராயும் தகடு இன்னும் உங்கள் லேபில்தான் குளிர்கலனுக்குள் இருக்கிறது. அதன் மின்தடையை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறேன். போன மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில் கோடு விழுந்து பூஜ்யத்தில் நிற்கிறது. அதாவது, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது. இந்தப் பொருள் அப்படிச் செய்யும் என்று உலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்மையென்றால் பெரிய கண்டுபிடிப்பு.

நீங்கள் ஹீலியம் ஊற்றும் நாள் என்பதால் குளிர் கூடித்தான் வருகிறது என்று முதலில் குதித்தேன். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து, ஒரே நொடியில் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. பொருள் அப்படி மாறாது, மாமா. யாரோ கை வைத்தால்தான் அப்படி மாறும்.

உங்களை விட்டால் அந்த அறைச் சாவி என் சக ஆய்வாளரிடம் மட்டும்தான் இருக்கிறது. அதே பொருளில் எனக்குப் போட்டியாக வேலை செய்பவர். கொஞ்சம் கவனியுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம், அங்கே எல்லோர் காதிலும் விழும்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 16

என் தங்க மருமகளுக்கு,

இந்த ஆராய்ச்சி நிலையத்தின் மொத்தக் குளிரையும் கட்டி ஆளும் உன் மாமன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அத்தைக்கு மூட்டுவலி. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாகத் திரவ ஹீலியம் ஊற்றுகிறேன். மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி! என்னைக் கண்டால் அதுவே நடுங்கும். மேல்மாடிக் கருந்துளைக்காரர் கரும்பலகை முன்னால் அரை நாள் சிலையாக நின்றார். "சார், அந்த மைனஸைப் ப்ளஸ்ஸாக்கிப் பாருங்களேன்" என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டார். லேசர்காரர்களுக்குக் கதிர் கோணினால் என் கண்தான் அளவு. நியூட்ரினோ பிடிக்கிற அம்மா பத்து வருஷமாக ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. பொறி வைக்கும் இடத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சக ஆய்வாளரை 'நெட்டை' என்றே எழுதுகிறேன், கடிதம் யார் கையில் சிக்குமோ. வெள்ளிக்கிழமை ஹீலியம் ஊற்றிவிட்டு, டீக்குப் போகிற மாதிரி போய்த் தூண் மறைவில் நின்றேன். நெட்டை வந்தான். கையில் கறுப்புப் பையும் ஒரு நோட்டும். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். உன் அளவு மெஷின் முன் குனிந்தான். ஒரு திருகு! எண் சரசரவென்று கீழே!

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?" என்று உள்ளே போனேன்.

"சும்மாதாண்ணே. பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா பாக்கறதுக்கு நோட்டு எதுக்கு?"

சட்டென்று மூடிவிட்டான். எனக்கு இது போதும்.

குளிர்ச் சக்கரவர்த்தி,
உன் மாமன்

*

மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். அவர் திருகியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? எண் விழுந்ததையும்? இது ஒருவரின் வேலை போகிற விஷயம். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். கிளம்பும்போது "தகட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவராகவே வந்து சொன்னார். கேட்காமல் எதற்குச் சொல்ல வேண்டும்?

மருமகள்

*

ஏப்ரல் 7

என் தங்கமே,

மாமன் கண்ணுக்கே சந்தேகமா? வலது பக்கமாகத் திருகினான். இரண்டரைச் சுற்று. எண்ணினேன். திருகிவிட்டுச் சிரித்தான் பார், பாலைக் குடித்த பூனை தோற்றது. உன் தலைமேல் சத்தியம்.

நீ புகாரை எழுது. இயக்குநரிடம் நானே நேரில் போய்ச் சாட்சி சொல்கிறேன். நான் வாயைத் திறந்தால் அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், அவ்வளவு மரியாதை.

மாமன்

*

ஏப்ரல் 30

மாமாவுக்கு,

உங்கள் சாட்சியை நம்பி அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை நிலையத்துக்குள் வரக்கூடாது என்றும் உத்தரவு. ஒரு வாரமாக அவர் ஊரிலேயே இல்லை.

நேற்று செவ்வாய். மதியம் கோடு விழுந்தது. ஒரு மணி நேரம் நின்றது. ஏறியது.

நேற்று அந்த அறைக்குள் போனது நீங்கள் மட்டும்தான்.

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஹீலியம் ஊற்றும் நாளில் கதவைத் திறப்பதிலிருந்து பூட்டுவதுவரை என்னென்ன செய்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். கதை வேண்டாம்.

மருமகள்

*

மே 10

மருமகளுக்கு,

என்னையா கேட்கிறாய்? தூக்கி வளர்த்த மாமனையா? உன் அத்தையிடம் கடிதத்தைக் காட்டினேன். "கேட்டா சொல்லிட்டுப் போங்களேன், மடியில கனமா இருக்கு?" என்கிறாள். அவளும் உன் கட்சி.

சரி, எழுதிக்கொள். கதவைத் திறப்பேன். செருப்பை வெளியே விடுவேன். கையுறை போடுவேன். பிப்ரவரியில் புதுக் குழாய் வந்தது, பழையதைவிடப் பருமன். அதை இறக்கும்போது உன் குளிர்கலன் மேலே தொங்குகிற இரண்டு வெறும் வயர் சிக்கும். அறுந்தால் யார் பொறுப்பு? அதனால் இரண்டையும் சேர்த்து, உன் அத்தை துணி காயப்போடும் இரும்புக் கிளிப்பைப் போட்டு ஓரமாக ஒதுக்குவேன். ஊற்றுவேன். டீ குடித்துவிட்டு வந்து குழாயை எடுப்பேன், கிளிப்பைக் கழற்றுவேன், பூட்டுவேன்.

இந்த நிலையத்தில் வேறு எவனாவது உன் வயரை இப்படிப் பூப்போலப் பார்ப்பானா? இப்போது சொல், இதில் என்ன குற்றம்?

மாமன்

*

மே 20

மாமாவுக்கு,

கிளிப்தான்.

அந்த இரண்டு வயருக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் மெஷின் அளந்து மின்தடையாகக் காட்டுகிறது. இரும்பால் இரண்டையும் சேர்த்துவிட்டால் வித்தியாசம் ஏது? பூஜ்யம்தான். கண்டுபிடிப்பும் இல்லை, திருட்டுக் கையும் இல்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வயரை உறையில்லாமல் தொங்கவிட்டுப் போனவள் நான்.

ஆனால் இரண்டரைச் சுற்று? அந்த மெஷினில் திருகக் குமிழே கிடையாது, மாமா. எல்லாம் பொத்தான்கள். ஐந்து வருஷம் அதைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தவள் நான். உங்கள் வரியைப் படித்த உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

புகாரைத் திரும்பப் பெற்று, அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். சாட்சி சொன்னவரும் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார் இயக்குநர். போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக உங்கள் கையைப் பிடித்து, "அவ ஆராய்ச்சிய மட்டும் நடுவில நிறுத்த விட்டுடாதே" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். படிப்பை விட்டு வேலைக்குப் போக இருந்தவள், அந்த ஒரு வரிக்காகத்தான் இதில் நின்றேன். இரண்டு நாளாக மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

அது நடந்ததா?

*

ஜூன் 2

மருமகளுக்கு,

இயக்குநர் அறைக்குப் போனேன். அந்தத் தம்பியும் இருந்தார். அவர் திருகியதை நான் பார்க்கவில்லை, தூண் மறைவிலிருந்து முதுகு மட்டும்தான் தெரிந்தது, எண்ணும் தெரியவில்லை என்று சொன்னேன். "பின்ன ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். நோட்டை எடுத்துக் காட்டினார். ஹீலியம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். உன் தகடு சூடேறிவிடக் கூடாதே என்று. அவருக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ கேட்டது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள், பேச முடியாது. என் கையையும் பிடிக்கவில்லை. நான் உள்ளேயே போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் வந்து சொன்னபோதும் அங்கேதான் நின்றேன்.

சாயங்காலம் நீ வந்து, "அம்மா என்ன மாமா சொன்னாங்க?" என்று கேட்டாய். வராந்தாவில் நின்றேன் என்று உன்னிடம் சொல்ல முடியவில்லை.

மாமா