செட்டியார் பொம்மைக்கு அடியில் கிளட்ச் தட்டு

29 செப்டம்பர் 1997, திங்கள்

அண்ணா சிங்கப்பூர் போய் நாலு மாசம். அவன் பைக் மாடிப்படிக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருக்கிறது. இன்று சாப்பிடும்போது அப்பா ரொம்ப சாதாரணமாகச் சொல்கிறார், அதை அசோக் நகர் கல்யாணராமன் மாமாவுக்குத் தள்ளிவிடப் போகிறாராம். மோர் சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

"நான் ஓட்டறேனேப்பா! லைசென்ஸ் இருக்கே!"

"அது ஓடினாத்தானே நீ ஓட்டுவே? கிளட்ச் வழுக்கறது, செயின் கடகடங்கறது."

"நானே சரி பண்றேன்."

அப்பா சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடைசியில் ஒப்பந்தம்: விஜயதசமி அன்று அப்பாவைப் பின்னால் வைத்துக் கொட்டிவாக்கம் அத்தை வீடு வரை ஓட்ட வேண்டும். பதினோரு மணிக்குள் கிளம்ப வேண்டும். வழியில் மக்கர் பண்ணினால் பைக் மாமாவுக்கு. பண்ணாவிட்டால் எனக்கு! எனக்கே எனக்கு!

வாயைக் கொடுத்தாயிற்று. ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்றாவது தெரியுமா மஹதி உனக்கு?

30 செப்டம்பர்

ராயப்பேட்டை போனேன். காலேஜ் தோழி அஸ்மத்துன்னிசா அவள் அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுப் பத்து நிமிஷம் சிரித்தாள். அப்புறம், "இன்னாடி, நிஜமாவா? சரி, எல்லாரும் இன்னா தப்புப் பண்ணுவாங்கன்னு சொல்றேன், எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன்:

செயினை மட்டும் மாற்றாதே. தேய்ந்த பல் சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின், மூன்றும் சேர்த்து.

கிளட்ச் தட்டை எண்ணி எடு, எண்ணிப் போடு.

மூன்றாவதை அவள் சொன்னபடியே: "கிளட்ச் கேபிளை டைட்டா வெச்சிடாதடி. லீவர் கொஞ்சம் லொடலொடன்னு இர்க்கணும். இல்லாங்காட்டி வழுக்கிகினே கெடக்கும்."

5 அக்டோபர், ஞாயிறு

ஸ்ப்ராக்கெட் இரண்டும் மாற்றிவிட்டேன்!! நான்! செயின் கிளிப்பை முதலில் திருப்பி மாட்டிவிட்டேன். வாய்ப்பக்கம் வண்டி போகிற திசையைப் பார்க்கக் கூடாதாம், கழன்று விழுந்துவிடுமாம். அஸ்மத் போனில் கத்தினாள். கழற்றி மாட்டினேன்.

தன் வீட்டுக் கொலுவுக்கு அழைக்க வந்த பக்கத்து வீட்டு மாமி வெற்றிலை பாக்கோடு என் முன்னால் நிற்கிறாள், என் கை இரண்டும் கருப்பு. முழங்கைகளை நீட்டி வாங்கிக்கொண்டேன். மாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

9 அக்டோபர், வியாழன்

கிளட்சைத் திறந்தாயிற்று. கார்க் தட்டு நாலும் வழவழவென்று தேய்ந்து போயிருக்கின்றன. புதுசு நாலையும் அம்மாவின் பழைய எவர்சில்வர் டப்பாவில் எண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். நடுவே போடுகிற இரும்புத் தட்டு மூன்றும் நன்றாகவே இருக்கின்றன, பேப்பரில் வைத்திருக்கிறேன். நாளை மாட்டினால் முடிந்தது. தூக்கமே வரவில்லை!

10 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. எப்படி மறந்தேன்? பூ வாங்கப் போய்த் திரும்பினால் ஸ்பானர், கார்க் தட்டு ஊறும் டப்பா, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன! "நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான் தொடணும்" என்றாள் அம்மா. அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்குகிறார்.

இன்று எழுதவும் கூடாதாம், பேனாவும் பூஜையில். பென்சிலில் எழுதுகிறேன். சரஸ்வதி கண்டுகொள்ள மாட்டாள்.

11 அக்டோபர், சனி

அப்பப்பா! என்ன ஒரு நாள்!

எட்டு மணிக்குப் புனர்பூஜை முடிந்ததும் ஓடினேன். எண்ணினேன். கார்க் நாலு. இரும்பு... ரெண்டு. திரும்ப எண்ணினேன். ரெண்டுதான்! ஒன்பதரை வரை வீட்டையே புரட்டிப் போட்டேன். அழுகையே வந்துவிட்டது. "அய்யோ அம்மா, வட்டமா, உள்ளோரத்துல பல்லு பல்லா ஒண்ணு இருந்துதே, பாத்தியா?"

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதுவா! நேத்து செட்டியார் ஆடிண்டே இருந்தார், அடியில வெச்சேன்!"

கொலுவின் அஞ்சாம் படியில் கடை விரித்திருக்கும் செட்டியார் பொம்மை என் கிளட்ச் தட்டின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பொம்மையை ராத்திரி ஆரத்தி எடுத்துப் படுக்கவைக்கும் வரை அசைக்கக் கூடாது. அம்மா பார்க்க நானா அதைத் தொடுவது? அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கற்பூரம் ஏற்றிக் காட்டி, செட்டியாரை அலாக்காகத் தூக்கிப் படுக்கவைத்தாள். "பத்து நாளா கடையில உக்காந்து அவருக்கு அசதி. இன்னிக்குக் காலம்பறயே தூங்கட்டும்" என்று தட்டை என் கையில் கொடுத்தாள். அம்மாவா! மடி ஆசாரத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத என் அம்மா!

கார்க், இரும்பு, கார்க், இரும்பு. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பினோம்.

அடையாறு பாலத்தில் வந்தது வினை. எஞ்சின் வீல் வீலென்று கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. லீவரில் ஆட்டமே இல்லை! பயத்தில் கேபிளை இறுக்கித் தொலைத்திருக்கிறேன். நின்றால் போச்சு. உருட்டாத குறையாகச் சிக்னலுக்கு வந்தால், கடவுளே, சிவப்பு! லீவர் பக்கத்துத் திருகை விரலாலேயே நாலு சுற்றுச் சுற்றினேன். லொடலொட. பச்சை விழுந்தது. பறந்தேன்!

கொட்டிவாக்கத்தில் இறங்கி வேஷ்டியைச் சரிசெய்துகொண்டே அப்பா, "சிக்னல்ல என்னமோ திருகினியே?" என்றார். நான் குனிந்து செயினைப் பார்த்தேன். "சரி, சரி. சிவப்பு விளக்குக்கு எல்லாரும்தான் நிக்கறா" என்று உள்ளே போய்விட்டார்.

12 அக்டோபர்

எனக்கு! எனக்கே எனக்கு!

19 அக்டோபர், ஞாயிறு

காலையில் கல்யாணராமன் மாமா போன் பண்ணினார். "அது மஹதியோட வண்டியாச்சே. அவளைத்தான் கேக்கணும்" என்றார் அப்பா.

சாயந்தரம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைச்சிண்டு போறியா? சும்மாதான்." ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தட்டு இப்போ எங்கடி இருக்கு?"

"இதோ, என் வலது காலுக்குக் கிட்டக்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். "செட்டியார் கேட்டா சொல்லணுமோல்லியோ. சரி, போ. கொஞ்சம் வேகமாவே போயேன்" என்றாள்.