கட்டவிழ்ந்த காலிபிளவர்

அத்தான்,

சாயங்கால வகுப்புக்குப் புறப்பட்டுவிட்டேன். தீயல் அடுப்பின் மேல் இருக்கிறது, சோறு ஹாட்பாக்ஸில். சிலிண்டர் கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள்.

காலையில் மாடிக்குப் போனேன். மார்கழிப் பனியில் முட்டைக்கோஸ் இலையெல்லாம் நனைந்திருந்தது. நம் ஊரில் இந்தக் குளிர் வெயில் ஏறியதும் போய்விடும். காட்டுவதற்கு ஆள் இல்லாமல் தனியாக நின்று பார்த்துவிட்டு இறங்கினேன்.

பூ வெள்ளையாக இருக்கவேண்டும் என்றுதான் காலிபிளவரின் இலைகளையே மேலே மடக்கி நூலால் கட்டியிருந்தேன். அதை உங்களிடம் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் அவிழ்த்துவிட்டு, "பாவம், மூச்சு முட்டிக் கிடந்துச்சு. கொஞ்சம் வெயில் காணட்டே" என்றீர்கள். பூ மஞ்சளித்ததும் நான், "உங்கள யாரு தொடச் சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் மாடிப்படி ஏறவில்லை.

மஞ்சளானாலும் ருசி குறையாது என்று வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பொன்செல்வி சொன்னாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் அதைப் பறித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்களே பறித்தால் நல்லது.

திவ்யா

தீயலில் உப்பு போட்டேனா என்று நினைவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சுவரோரத்துப் பையில் இருக்கும் செடியிலும் இன்று சின்னதாகப் பூ தெரிகிறது. அதை நான் கட்டவில்லை, நூலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டினாலும் சரி, வெயில் காணட்டும் என்று விட்டாலும் சரி. மேலே வாருங்கள்.